கான்சன்ட்ரேட்: "எது மேல?" என்று கேட்டுப் பழகுங்கள்

பெரம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் சாயங்கால வேளைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் பலவிதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் டிப்ளமா முடித்து வேலை பார்க்கிற தம்பிகள், ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போகிற பெண்கள், பிள்ளையின் ஸ்கூலில் மிஸ்ஸோடு தைரியமாகப் பேச வேண்டும் என்று வரும் அம்மாக்கள். இவர்கள் எல்லாருக்கும் கான்சன்ட்ரேட் என்ற சொல் ஏற்கெனவே தெரியும். எல்.கே.ஜி.யிலிருந்து திட்டு வாங்கித் தெரிந்துகொண்ட சொல் அது. "பாடத்துல கான்சன்ட்ரேட் பண்ணு", "கான்சன்ட்ரேஷனே இல்ல உனக்கு" என்று கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் அதை வைத்து ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியம் சொல்லச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் தடுக்குவார்கள். தடுக்குகிற இடங்களும் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், அந்த இடங்களை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். லத்தீனில் 'கான்' என்றால் சேர்ந்து, கூட. 'சென்ட்ரம்' என்றால் மையம். அந்தச் சென்ட்ரம் கிரேக்கத்தின் 'கென்ட்ரான்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குக் குத்துகிற கூர்முனை என்று பொருள். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசிமுனை காகிதத்தில் குத்தி நிற்கிற இடம்தான் மையம். ஆகவே கான்சன்ட்ரேட் என்றால் சிதறிக் கிடப்பதைத் திரட்டி ஒரு புள்ளிக்குக் கொண்டுவருவது. மனசு என்ற பேச்சே அதில் இல்லை. எதைத் திரட்டினாலும் இந்தச் சொல் பொருந்தும். மனசைத் திரட்டினால் நாம் வீட்டில் திட்டப் பயன்படுத்தும் அர்த்தம்.

திரட்டுவது என்றால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று சொல்லியாக வேண்டும் அல்லவா? அதற்குத்தான் பின்னால் 'ஆன்' வருகிறது. "கான்சன்ட்ரேட் ஆன் யுவர் ஸ்டடீஸ்." நம் ஆட்கள் சொல்வது "கான்சன்ட்ரேட் இன் யுவர் ஸ்டடீஸ்." காரணம் தெளிவு. "படிப்புல கவனமா இரு" என்று தமிழில் யோசிக்கிறோம். அந்த 'ல' நேராக 'இன்' ஆகிவிடுகிறது. இதற்கு நான் சொல்லும் வழி: வாக்கியத்தை வாயில் எடுப்பதற்கு முன் மனசுக்குள் "எது மேல?" என்று கேளுங்கள். படிப்பு மேல, வேலை மேல, ரோடு மேல. தமிழிலும் "படிப்பு மேல கவனம் வை" என்று சொல்வோம்தானே. 'மேல' என்று யோசித்துவிட்டால் 'ஆன்' தானாக வந்து உட்காரும். வேறு இலக்கணம் எதுவும் வேண்டாம்.

அந்த 'ஆன்' இல்லாமலேயே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். "கான்சன்ட்ரேட் தி போர்டு" என்றால், கரும்பலகையைக் காய்ச்சிச் சுண்டவைக்கச் சொல்கிற மாதிரி இருக்கும். ஆனால் திரட்டப்படும் பொருளைச் சொல்வதாக இருந்தால் நேராகப் பக்கத்தில் வைக்கலாம்: "வி ஷுட் கான்சன்ட்ரேட் அவர் எஃபர்ட்ஸ் ஆன் தி கோயம்பேடு பிராஞ்ச்." நம் முயற்சியை எல்லாம் கோயம்பேடு கிளை மேல திருப்புவோம் என்று அர்த்தம். ஆபீஸ் மெயிலில் இந்த வாக்கிய அமைப்பு ரொம்ப உதவும். எஃபர்ட்ஸ், எனர்ஜி, அட்டென்ஷன் மூன்றையும் இதே இடத்தில் போடலாம்.

'ஆன்'-க்குப் பின்னால் ஒரு செயலைச் சொல்ல வேண்டி வந்தால் 'இங்' சேருங்கள். "கான்சன்ட்ரேட் ஆன் ஸ்டடியிங்", "கான்சன்ட்ரேட் ஆன் டிரைவிங்." "கான்சன்ட்ரேட் டு ஸ்டடி" என்று சொல்லாதீர்கள்.

இப்போது ஒரு கேள்வி வரும். வகுப்பில் எப்போதும் வருகிற கேள்வி: "மேம், நியூஸ் பேப்பர்ல கான்சன்ட்ரேட்டட் இன்-னு போட்டிருந்தாங்களே?" போட்டிருப்பார்கள், சரியாகத்தான் போட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் சினிமா ஸ்டுடியோக்கள் எல்லாம் கோடம்பாக்கம், வடபழனி பக்கமே குவிந்திருந்தன. அதைச் சொல்ல "தி ஸ்டுடியோஸ் வேர் கான்சன்ட்ரேட்டட் இன் கோடம்பாக்கம்." இன்றைக்குக் கார் தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குவிந்திருக்கின்றன. "கான்சன்ட்ரேட்டட் அரவுண்ட் ஸ்ரீபெரும்புதூர் அண்ட் ஒரகடம்." பொருள்கள் ஓர் ஊரில், ஓர் இடத்துக்குள் குவிந்தால் 'இன்', 'அரவுண்ட்'. மனசு ஒன்றின் மேல் குவிந்தால் 'ஆன்'. "கான்சன்ட்ரேட் இன் ஸ்டடீஸ்" ஏன் காதில் உறுத்துகிறது என்றால், நீங்கள் ஆளோடு போய் அந்தப் படிப்புக்குள் குடியேறிவிட்ட மாதிரி ஒலிப்பதால்தான்.

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஓர் இடைச்செருகல். அங்கே யுனிவர்சிட்டி விண்ணப்பத்தில் 'கான்சன்ட்ரேஷன்' என்று ஒரு கட்டம் இருக்கலாம். உங்கள் ஞாபக சக்தியையோ மன உறுதியையோ அங்கே கேட்கவில்லை. பட்டப்படிப்புக்குள் எந்தப் பிரிவைச் சிறப்பாக எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அதற்கு 'இன்' தான் வரும்: "எ கான்சன்ட்ரேஷன் இன் டேட்டா சயின்ஸ்."

அடுத்தது 'பண்ணு'. நாம் எந்த இங்கிலீஷ் சொல்லையும் பண்ணிவிடுவோம். கால் பண்ணு, வெயிட் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு. தமிழ்ப் பேச்சில் அது தப்பே இல்லை, நானும் அப்படித்தான் பேசுகிறேன். சிக்கல் எங்கே என்றால், "கான்சன்ட்ரேஷன் பண்ணு" என்று பெயர்ச்சொல்லைப் பண்ணச் சொல்லி வாய் பழகிவிடுகிறது. அது இங்கிலீஷுக்குப் போகும்போது "டூ கான்சன்ட்ரேஷன்", "புட் கான்சன்ட்ரேஷன்", "கிவ் கான்சன்ட்ரேஷன்" என்று வெளியே வருகிறது. மூன்றும் வேண்டாம். செய்கிற வேலையைச் சொல்ல கான்சன்ட்ரேட் போதும். அதுவே வினைச்சொல், அதற்கு இன்னொரு வினை முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. "கான்சன்ட்ரேட் ஹார்ட்" என்றால் நன்றாகக் கவனம் வை. 'ஹார்ட்லி' என்று நீட்டினால் அர்த்தம் தலைகீழாகிவிடும். 'ஹார்ட்லி' என்றால் அநேகமாக இல்லவே இல்லை என்று பொருள்.

கான்சன்ட்ரேஷன் என்ற பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வரும் வினைகள் வேறு. 'லூஸ்' வரும், 'பிரேக்' வரும், 'நீட்' வரும், 'லேக்' வரும். "ஐ லாஸ்ட் மை கான்சன்ட்ரேஷன்", எனக்குக் கவனம் சிதறிவிட்டது. "தி ஹார்ன் ப்ரோக் மை கான்சன்ட்ரேஷன்", ஹார்ன் சத்தம் என் கவனத்தைக் கலைத்தது. பெரம்பூர் ஹை ரோட்டில் இருந்துகொண்டு இந்த இரண்டாவது வாக்கியத்தைத் தினமும் சொல்லலாம். "திஸ் ஒர்க் நீட்ஸ் கான்சன்ட்ரேஷன்" என்று ஒரு வேலையைப் பற்றிச் சொல்லலாம். 'லேக்' வந்தால் பின்னால் 'ஆஃப்' போடாதீர்கள். "ஹி லேக்ஸ் கான்சன்ட்ரேஷன்" அவ்வளவுதான். "லேக் ஆஃப் கான்சன்ட்ரேஷன்" என்று பெயராகச் சொல்லும்போது மட்டும் 'ஆஃப்' வரும். "ஐ ஆம் நாட் ஹேவிங் கான்சன்ட்ரேஷன்" என்பது நம் ஊரில் மட்டும் செல்லும் நாணயம். "ஐ காண்ட் கான்சன்ட்ரேட்" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுங்கள்.

விளையாட்டு நியூஸில் 'லாப்ஸ்' என்ற சொல் இதோடு சேர்ந்து வரும். "எ லாப்ஸ் ஆஃப் கான்சன்ட்ரேஷன்." ஒரு கணம் கவனம் வழுக்கியது என்று பொருள். நம்ம சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆன கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? பதினான்காவது ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் எதிரில் ஆடிய டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார், ஆட்டமே புரண்டுவிட்டது. அந்த இடத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொற்கோவை கிடையாது. செஸ் ஆடும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அந்த ஆட்டத்தை வைத்தே பத்து வாக்கியம் சொல்லச் சொல்வேன். "குகேஷ் கான்சன்ட்ரேட்டட் ஆன் தி போர்டு." "டிங் லாஸ்ட் கான்சன்ட்ரேஷன் ஃபார் எ மொமென்ட்." சொந்த ஆர்வம் இருக்கிற இடத்தில் இலக்கணம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது.

இனி நான் அதிக நேரம் செலவழிக்கிற இடம். வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். பையன் மூன்றாம் வகுப்பு. அடுத்த வாரம் பேரன்ட்ஸ் மீட்டிங். "மிஸ் கிட்ட என்னம்மா சொல்லணும்?" என்று கேட்டேன்.

"பையன் கான்சன்ட்ரேட் பண்ண மாட்டேங்கறான் டீச்சர், அதைத்தான் சொல்லணும்."

"இங்கிலீஷ்ல சொல்லுங்க பார்ப்போம்."

கொஞ்சம் யோசித்து, "மை சன் ஓன்ட் கான்சன்ட்ரேட்" என்றார். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் அவரை நிறுத்தினேன். 'ஓன்ட்' என்றால் வேண்டுமென்றே செய்ய மறுக்கிறான், பிடிவாதம் பிடிக்கிறான் என்று கேட்கிறவருக்குப் படும். "முடிஞ்சும் செய்யலையா, செய்ய முடியலையாம்மா?" என்று கேட்டேன். "உக்காருவான் டீச்சர், ஆனா அஞ்சு நிமிஷத்துல ஜன்னல் பக்கம் பார்வை போயிடும். அவன் என்ன பண்ணுவான், வீடு ரோட்டு மேல இருக்கு" என்றார். அப்படியானால் அவர் சொல்ல வேண்டியது "ஹி ஃபைண்ட்ஸ் இட் ஹார்ட் டு கான்சன்ட்ரேட்." அவனுக்கு அது கஷ்டமாக இருக்கிறது. குற்றம் பிள்ளை மேல் விழாது, மிஸ்ஸும் உதவி செய்வது எப்படி என்று யோசிப்பார்.

தமிழில் 'மாட்டேங்கறான்' என்பதை நாம் ரொம்பத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, மழை நிக்க மாட்டேங்குது. அதில் பிடிவாதம் எதுவும் இல்லை. இங்கிலீஷில் வண்டிக்கும் மழைக்கும் 'ஓன்ட்' போடலாம், ஆனால் மனுஷனுக்குப் போட்டால் மறுப்பு என்றுதான் பொருள் தொனிக்கும். அதனால் ஆளைப் பற்றிப் பேசும்போது மூன்றையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 'காண்ட்' என்றால் முடியவில்லை. 'டஸின்ட்' என்றால் பொதுவாகச் செய்வதில்லை, பழக்கமே அப்படி. 'ஓன்ட்' என்றால் மறுக்கிறான். அந்த அம்மா பிறகு ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனார்: "கேன் ஹி சிட் இன் தி ஃப்ரண்ட் ரோ? இட் வில் ஹெல்ப் ஹிம் கான்சன்ட்ரேட்." முன் வரிசையில் உட்கார வைக்கலாமா என்று. எனக்கு அந்த இரண்டாவது வாக்கியம் ரொம்பப் பிடித்தது. ஹெல்ப்புக்குப் பின்னால் கான்சன்ட்ரேட் அப்படியே நின்றால் போதும்.

பிள்ளையை வீட்டில் அதட்டும்போதும் இதே விஷயம்தான். "கான்சன்ட்ரேட்! கான்சன்ட்ரேட்!" என்று மொட்டையாகக் கத்துவது ஒன்றும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் எட்டு வயசுக் குழந்தைக்கு அது என்ன வேலை சொல்கிறது? "கான்சன்ட்ரேட் ஆன் திஸ் சம்" என்றால் இந்தக் கணக்கு மேல என்று விரல் வைத்துக் காட்டின மாதிரி. மொட்டை அதட்டலை நான் வகுப்பில் அனுமதிப்பதே இல்லை.

இன்டர்வியூ போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. "ஐ ஆம் எ கான்சன்ட்ரேட்டட் பெர்சன்" என்று உங்களை நீங்களே வருணித்துக்கொள்ளாதீர்கள். கான்சன்ட்ரேட்டட் என்பது ஜூஸுக்கும் அமிலத்துக்கும் சொல்வது. தண்ணீர் குறைந்து, சரக்கு கெட்டிப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பிளஸ் டூ லேபில் 'அடர் கந்தக அமிலம்' என்று படித்தோமே, அந்த 'அடர்' தான் இது. ஆளைச் சொல்ல 'ஃபோகஸ்ட்' என்ற சொல் இருக்கிறது. "ஐ ஆம் ஃபோகஸ்ட்" என்று சொல்லுங்கள். இரண்டாவது, கேட்ட கேள்விக்குப் பதில் உடனே வராமல் அவகாசம் வேண்டும்போது "லெட் மீ கான்சன்ட்ரேட்" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் வாயை மூட வேண்டும் என்று நீங்கள் சொல்வது மாதிரி ஆகிவிடும். "லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்" போதும். யோசிப்பது வேறு, கலையாமல் இருப்பது வேறு.

நூலகத்தில் பக்கத்து மேஜையில் குசுகுசுவென்று பேச்சு கேட்டால் மட்டும் அந்தச் சொல் கச்சிதம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியில் டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிற கூட்டம் இருக்குமே, அங்கே பயன்படும். "சாரி, ஐ ஆம் ட்ரையிங் டு கான்சன்ட்ரேட்." மெதுவாக, 'சாரி'யோடு சொன்னால் சண்டை வராது.

ஃபோகஸ், அட்டென்ஷன் இரண்டையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஃபோகஸ் என்பது பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பார்வையைத் திருப்புவது. கான்சன்ட்ரேட் என்பது திருப்பின இடத்திலேயே முயன்று நிறுத்தி வைப்பது. இரண்டுக்கும் 'ஆன்' தான், பல இடங்களில் மாற்றிப் போட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மீட்டிங்கில் "திஸ் மன்த் வி வில் ஃபோகஸ் ஆன் சேல்ஸ்" என்பது இயல்பு. ஊசியில் நூல் கோக்கும்போது கான்சன்ட்ரேட் இயல்பு.

அட்டென்ஷன் வேறு ஜாதி. அதற்கு 'பே' வரும், பின்னால் 'டு' வரும். "பே அட்டென்ஷன் டு தி டீச்சர்." இதை மறக்காமல் இருக்கத் தமிழே கைகொடுக்கிறது. வரி செலுத்துகிறோம், ஃபீஸ் செலுத்துகிறோம், கவனமும் செலுத்துகிறோம். நாமும் பணத்துக்குப் போடும் வினையைத்தான் கவனத்துக்கும் போடுகிறோம், அவர்களும் அப்படியே. ஒருவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று சொல்ல இதுதான் சரி. "கான்சன்ட்ரேட் டு மீ" என்று யாராவது சொன்னால், பே அட்டென்ஷனின் 'டு' இங்கே தாவி வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

மற்ற அர்த்தங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2021இல் இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் என்ற சொல் எல்லார் வாயிலும் புகுந்தது. காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம்தான், பெரும்பங்கு நைட்ரஜன். அந்த இயந்திரம் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனைச் செறிவாக்கி வெளியே விடுகிறது. திரட்டுகிறது, அவ்வளவுதான், காம்பஸ் முனைக் கதையேதான். இன்னொன்று முக்கியம். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கவனப் பயிற்சி நடத்துகிறவர்கள் நோட்டீஸில் 'கான்சன்ட்ரேஷன் கேம்ப்' என்று பேர் போட்டுவிடாதீர்கள். அது வதைமுகாம். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களோடு நடந்த போயர் போரில், ஆங்கிலேயர் குடும்பம் குடும்பமாக மக்களைப் பிடித்து ஓரிடத்தில் அடைத்து வைத்தபோது அந்தப் பேர் பரவியது. பிறகு நாஜிகள் செய்தது உலகத்துக்கே தெரியும். ஆட்களைத் திரட்டி அடைப்பது என்ற பொருளில் வந்த பேர். 'கான்சன்ட்ரேஷன் டிரெயினிங்' என்று போட்டால் வம்பில்லை.

கடைசியாக வாயும் கையும். எழுதும்போது நிறையப் பேர் இரண்டாவது எழுத்துக் கூட்டத்தில் எஸ் போட்டுவிடுகிறார்கள். ச என்று கேட்பதால் வரும் குழப்பம். இந்தச் சொல்லில் சி இரண்டு முறை வருகிறது. முதல் சி-க்குப் பின்னால் ஓ இருப்பதால் க, இரண்டாவது சி-க்குப் பின்னால் இ இருப்பதால் ச. சிட்டி, சென்டர், சைக்கிள் எல்லாம் அந்தக் கணக்குத்தான். மொத்தம் 11 எழுத்து. சி, என், டி, இ நான்கும் இரண்டிரண்டு, ஓ, ஆர், ஏ மூன்றும் ஒவ்வொன்று. எழுதி முடித்து எண்ணிப் பாருங்கள், கணக்கு இடித்தால் எங்கோ தப்பு.

உச்சரிப்பில் நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்கிறோம். இங்கிலீஷில் ஓர் அசை தூக்கலாக வர வேண்டும். கான்சன்ட்ரேட்டில் அழுத்தம் முதல் அசையான 'கான்' மேல். கான்சன்ட்ரேஷனில் அது நகர்ந்து 'ட்ரே' மேல் போய்விடும். நடுவிலிருக்கும் 'சன்' இரண்டிலும் மெலிசுதான். அழுத்தம் வருகிற அசைக்கு மட்டும் மேஜையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். கான்-சன்-ட்ரேட், தட்டு முதலில். கான்-சன்-ட்ரே-ஷன், தட்டு மூன்றாவதில். கை பழகிவிட்டால் வாய் பின்னால் வரும்.

சரியாக வந்ததா என்று பார்க்க என்னிடம் வர வேண்டியதில்லை. செல்போன் கீபோர்டில் மைக் படம் இருக்கும். மொழியை இங்கிலீஷுக்கு மாற்றி, மைக்கைத் தட்டி, "ஐ வுட் லைக் டு கான்சன்ட்ரேட் ஆன் மை எக்ஸாம்ஸ் திஸ் மன்த்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். நைட் ஷிஃப்டிலிருந்து ஒரு மாதம் விலக்கு கேட்டு மேனேஜருக்கு எழுத வேண்டிய மெயிலின் முதல் வரியாகவும் இது ஆகும். அந்த 'ஆன்' திரையில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழவில்லை என்றால் இன்னொரு தரம், கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.